எது உங்கள் வீட்டுப் பிள்ளை

ஜூன் 4

அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒரு வீடு, ஒரு மரம், சூரியன், வாசலில் ஒரு பெண். கீழே "உன் கட்டெறும்பு வரைந்தது" என்று உங்கள் கையெழுத்து. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன். பார்த்துப் பார்த்துத்தான் ஒரு சந்தேகமும் வந்தது. கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், அந்தப் படத்தை வரைந்தது யார்?

நான்கு வயது முடியாத பிள்ளை போடுகிற கோடு நடுங்கும், பாதியில் நிற்கும், தாளைத் தாண்டி வெளியே ஓடும். இதில் ஜன்னல்கூடச் சதுரமாக இருக்கிறது.

உங்கள் கடிதங்களும் அந்த ஜன்னல் மாதிரிதான் இருக்கின்றன. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், நன்றாக விளையாடுகிறாள். போன கடிதத்திலும் இதே மூன்று வரி, அதற்கு முந்தையதிலும் இதே மூன்று வரி. என் மகள் எதையும் அவ்வளவு நன்றாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இங்கே என் வேலை என்ன என்று கிளம்புகிற அவசரத்தில் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அம்மா வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பிள்ளையை அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ பார்த்துக்கொள்கிறார்கள் அல்லவா, அந்த வீடுகளுக்குப் போய் ஒரு மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பிள்ளையைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. முதல் நாள் போனால் எல்லா வீட்டிலும் பிள்ளைக்குத் தலைவாரிப் புதுச் சட்டை போட்டு நிறுத்தியிருப்பார்கள். "பாப்பா, மிஸ்ஸுக்கு ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். பலமுறை போன பிறகுதான் வீடு வீடாக இருக்கும். உங்கள் கடிதங்களைப் படித்தால் நான் இன்னும் முதல் நாளிலேயே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். கீழே விழுந்தால் யாரிடம் ஓடுகிறாள்? தூங்கப் போகும்போது என்ன கேட்கிறாள்? கோபம் வந்தால் என்ன செய்கிறாள்? என்னைப் பற்றிப் பேசுகிறாளா? பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

போனில் அவளோடு பேசி வெகு நாளாகிறது. என் குரலைக் கேட்டால் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுகிறாள், கொஞ்ச காலம் கடிதமே போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு காலம், அண்ணி? உங்கள் தம்பி கப்பலிலிருந்து பேசினால் மட்டும் அவளிடம் போனைக் கொடுக்கிறீர்களாம். அவரே சொன்னார்.

கட்டெறும்பின் அம்மா


ஜூன் 16

கட்டெறும்பின் அம்மாவுக்கு,

வீட்டையும் மரத்தையும் வரைந்தது நான்தான். சூரியனும் என் கைவண்ணம். வண்ணம் மட்டும் அவள் அடித்தாள். வாசலில் நிற்கிற பெண்ணுக்கு முகம் பச்சையாக இருக்கிறதே, அது அவள் வேலை. யாரடி இது என்று கேட்டேன், அம்மா என்றாள். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, என்ன தண்டனையோ கொடு.

அத்தனை தூரத்தில் தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும் என்றுதான் நன்றாக இருக்கிறாள் என்று எழுதினேன். உனக்குப் புளிதான் வேண்டும் என்றால் இதோ. போன வாரம் சர்க்கரை டப்பாவோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்தேன், கடித்துவிட்டாள். பல் பதிந்த இடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. ஏன்டி கடிச்ச என்று கேட்டால், "நீதானே கட்டெறும்புன்னு பேரு வெச்ச? அப்புறம் கடிக்காம என்ன செய்யும்?" என்கிறாள். இதையெல்லாம் உனக்கு எழுதினால் அண்ணி குறை சொல்கிறாள் என்பாய்.

கீழே விழுந்தால் யாரிடமும் ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து ஊரைக் கூட்டுகிறாள். ஓடுவது நான். தூங்கப் போகும்போது, "அம்மா வர்றதுக்கு இன்னும் எத்தனை தூக்கம் இருக்கு?" என்று கேட்பாள். நிறைய இருக்குடி என்பேன். நிறைய என்றால் எவ்வளவு என்று தகராறு செய்துகொண்டே தூங்கிவிடுவாள்.

தம்பி பேசினால் கொடுக்கிறேன்தான். அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஒரு ஆள். வைத்ததும் மறந்துவிடுவாள். நீ அப்படி இல்லை.

இப்போது என் முறை. இத்தனை வருஷமாகத் தையல் ஆலையின் பிள்ளைகள் காப்பகத்தில் தொட்டில் ஆட்டுகிறவள் நான். அங்கே விசாரிக்க வந்த அதிகாரிகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அம்மா கேட்கிற கேள்வி ஒரு மாதிரி இருக்கும், ஆபீஸ் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். சட்டை சின்னதாகிவிட்டதா, முடி வளர்ந்துவிட்டதா, கால் செருப்பு பிடிக்கிறதா என்று அம்மா கேட்பாள். நீ அதில் ஒன்றும் கேட்கவில்லை. விழுந்தால் யாரிடம் ஓடுகிறாள் என்று கேட்கிறாய்.

நேராகவே கேட்கிறேன். நீ மூலையில் உட்கார்ந்து பார்க்கிற வீடுகளில் என் வீடும் ஒன்றா?

அத்தைக்காரி


ஜூன் 29

அண்ணிக்கு,

சட்டை சின்னதாகிவிட்டதா?

நீங்கள் சொன்ன பிறகு கேட்டால் அது கேள்வியே இல்லை, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நீல நிறச் சட்டை, பின்னால் பித்தான் வைத்தது.

உங்கள் வீடு என் ஆராய்ச்சியில் இல்லை. சொந்த வீட்டைப் பார்த்து எழுத யாருக்கும் அனுமதி கிடையாது, அது எங்கள் முதல் விதி. காரணமும் சொல்கிறேன். சொந்தப் பிள்ளையைப் பார்க்கிற கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஆசை இருந்தால் ஆசைப்பட்டதைப் பார்க்கும், பயம் இருந்தால் பயந்ததைப் பார்க்கும். வெளி வீடுகளில்கூட ஒருத்தர் பார்த்ததை மட்டும் நாங்கள் நம்புவதில்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் போய் அதே பிள்ளையைப் பார்ப்போம். இரண்டாவதாகப் போகிறவருக்குப் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லி அனுப்பமாட்டோம், படம்கூடக் காட்டமாட்டோம். அவர் கண் சுத்தமாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். இதில் யார்மீதும் அவநம்பிக்கை இல்லை, வேலை செய்கிற முறையே அப்படி.

இன்னொரு செய்தி. என் வேலையை மேலும் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். தங்குவதற்கு வீடும் தருகிறார்கள். சின்னதுதான், ஆனால் வாசலில் பிள்ளை ஓடியாட இடம் இருக்கிறது. டிசம்பரில் வந்து அவளைக் கூட்டிவந்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

ஒரே ஒரு முறை போனில் குரலைக் கேட்கலாமா?

கட்டெறும்பின் அம்மா


ஜூலை 14

அம்மாவானவளுக்கு,

எனக்கு ஓய்வு வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? கூட்டிப்போ. உன் பிள்ளை, யார் தடுத்தது? டிசம்பரில் அங்கே குளிருமா என்று மட்டும் எழுது, கம்பளிச் சட்டை தைக்கச் சொல்ல வேண்டும்.

நீலச் சட்டையைப் போன மாதமே வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. உன் துறைக்காரி மாதிரி இருந்ததால் உனக்கு எழுதுகிறேன். ஒரு பெண் காப்பகத்துக்கு வந்தாள். மூக்குக் கண்ணாடி, தோளில் பை, சத்தமே வராத செருப்பு. காப்பகங்களைப் பார்வையிடுகிறோம் என்றாள். சரி, பார் என்றேன். பார்வையிட வருகிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள், பால் எங்கே வாங்குகிறாய் என்று கேட்பார்கள். இவள் ஒன்றையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மூலையில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "இதுல எது உங்க வீட்டுப் பிள்ளை?"

என் வீட்டுப் பிள்ளை இங்கே இருக்கிறது என்று இவளுக்கு யார் சொன்னது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு ஆசையாகக் கேட்கிறாளே என்று, "அதோ, ஜன்னலோரம்" என்றேன். சாப்பாட்டு நேரம் வரை கண்ணை எடுக்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது கையைக் கூப்பினாள். என்ன பார்த்தீங்கன்னு கேட்டேன், சும்மாதாங்க என்றாள்.

உனக்குத் தெரிந்தவளாக இருக்குமோ? இருக்காது. தெரிந்திருந்தால் முன்னாலேயே எழுதியிருப்பாய். தெரியாமல்தான் கேட்கிறேன்.

அத்தைக்காரி


ஜூலை 26

அண்ணிக்கு,

நான்தான் அனுப்பினேன். என்னோடு வேலை செய்கிறவள், தன் ஊருக்கு விடுமுறையில் போகிற வழியில் வந்துபோனாள். மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியது நீங்கள்.

அவள் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளை ஜன்னலோரம் சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்ததாம். காலியான நூல்கண்டுகளை அடுக்கியதாம், கலைத்ததாம், மறுபடி அடுக்கியதாம். நீங்கள் பின்னாலிருந்து கூப்பிட்டபோது திரும்பவே இல்லையாம். சமையல்காரி கரண்டியைக் கீழே போட்டு மற்ற பிள்ளைகள் எல்லாம் துள்ளித் திரும்பினார்களாம், இது மட்டும் அசையவில்லையாம். ஆனால் பக்கவாட்டில் யாராவது வந்தால் திடுக்கிட்டு ஒதுங்குகிறதாம். சாப்பாட்டுக்குக் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்ததாம். ஸ்பூனை இடது கையில் பிடித்து, யார் முகத்தையும் பார்க்காமல் தின்றதாம். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருத்தரும் அதனோடு பேசவும் இல்லை. நீங்கள் அதை "உம்மணாமூஞ்சி" என்று கூப்பிட்டீர்களாம்.

என் பிள்ளைக்கா அந்தப் பெயர்?

நான் விட்டுவந்த பிள்ளை தூக்கத்தில்கூடப் பேசும். அந்த வாயை என்ன செய்தீர்கள்? இப்படி ஒதுங்குகிற பிள்ளைகளை என் வேலையில் பார்த்திருக்கிறேன். அடிக்கிற கைக்குப் பயந்த பிள்ளைகள். உங்களிடமே நேராகக் கேட்கிறேன். அவள்மீது கை ஓங்குகிறீர்களா?

போன் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பது இப்போது விளங்குகிறது. என் குரல் அவளைப் படுத்துகிறது என்பதெல்லாம் கதை. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள், போனைக் கொடுத்தால் அது வெளியே வந்துவிடும். சர்க்கரை டப்பா, கட்டெறும்பு, கடிக்காம என்ன செய்யும், எல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியதா? அதைப் படித்துச் சிரித்தேனே, அண்ணி. என் அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

டிசம்பர் வரை காத்திருக்கமாட்டேன். செப்டம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். துணிகளை எடுத்துக் கட்டிவையுங்கள்.


ஆகஸ்ட் 3

உனக்கு,

அது உன் பிள்ளை இல்லை.

ரெண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்ப்போம், ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம் என்று நீயே எழுதினாய். அந்தக் கடிதத்தின் மடிப்பு கலையும் முன்னே ஒருத்தி வந்து மூலையில் உட்காருகிறாள். நான் என்ன பச்சைக் குழந்தையா? ராத்திரி பகலாக உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் நான், என்னை வேவு பார்க்க ஆள். அதனால்தான் ஜன்னலோரம் கை காட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்தது காஜா மெஷினில் பித்தான் துளை தைக்கிறவளுடைய மகள். காப்பகத்தில் எல்லாப் பிள்ளையும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடும், அவளுக்கு எப்படித் தெரியும்?

உன் பிள்ளை எங்கே இருந்தாள் என்று கேட்கிறாயா? உன் ஆளின் மடியில். வந்தவள் பாயில் உட்கார்ந்ததுமே கட்டெறும்பு ஏறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டது. "உங்க பையில சர்க்கரை இருக்கா? மிட்டாயாவது இருக்கா? ஏன் இல்ல?" என்று குடைந்தது. உன் ஆள், "அப்புறம் பேசலாம் கண்ணு, ஆன்ட்டி வேலையா இருக்கேன்" என்று தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். மறுபடி ஏறியது, மறுபடி இறக்கிவிட்டாள். உன் பிள்ளையைப் பார்க்க வந்தவளுக்கு உன் பிள்ளை தொந்தரவாக இருந்தது. போய் அவளையே கேள்.

இதை உடனே எழுதிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். நீ என்ன எழுதுகிறாய் பார்ப்போம் என்று விட்டுவைத்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இடது கை என்று அவள் சொன்னாளே, உனக்கு உறைக்கவே இல்லையா? உன் மகள் எந்தக் கையில் ஸ்பூன் பிடிப்பாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அசையாமல் உட்கார்ந்திருந்தது, பேசவில்லை, நூல்கண்டு அடுக்கியது. இதில் எது உன் பிள்ளை? ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கேட்டதும் நம்பினாய். நான் அடிக்கிறேன் என்பதை நம்ப உனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. என்னைச் சந்தேகப்படுகிற மும்முரத்தில் பெற்ற பிள்ளையையே தொலைத்துவிட்டாய்.

செப்டம்பரில் தாராளமாக வா. துணி கட்டித் தயாராக இருக்கும். ஆனால் காப்பகத்தின் கதவைத் திறந்ததும் நான் எதையும் காட்டமாட்டேன். எது உன் பிள்ளை என்று நீயே கண்டுபிடித்துக் கூட்டிப்போ.


ஆகஸ்ட் 10

அண்ணிக்கு,

எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இன்றுதான் எழுதுகிறேன்.

நான் அனுப்பியவளைக் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள், "ஆமா, ஒரு வாலு பாடாப் படுத்திச்சு. அதோட அத்தனை கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தா நான் இன்னும் அங்கேயேதான் இருந்திருப்பேன்." அவளுடைய பையின் வாரில் பிசுபிசுவென்று ஒரு கறை. என்னவோ சின்ன விரல்கள் பட்டதுபோல. அவள் அதைத் துடைக்கப் போனபோது தடுத்துவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

இடது கை எனக்கு உறைத்தது. அவள் சொன்னபோதே ஒரு கணம் நின்றேன். பிறகு, வலது கையில் ஏதோ அடிபட்டிருக்கிறது, அதை நீங்கள் மறைக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். சொந்தப் பிள்ளையைப் பார்க்கிற கண் பயந்ததைத்தான் பார்க்கும் என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். கை ஓங்குகிறீர்களா என்று கேட்டதற்கு உங்கள் காலில் விழ வேண்டும்.

ஆனால் அண்ணி, என்னை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைக் கேளுங்கள், இது அவசரம். அது என் பிள்ளை என்று நினைத்தவரை அவள் சொன்னதெல்லாம் எனக்குப் பயந்த பிள்ளையாகத் தெரிந்தது. என் பிள்ளை இல்லை என்று ஆன பிறகு அதே வார்த்தைகளை மறுபடி நினைத்துப் பார்த்தேன். வேறு யாருடைய பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தாலும் முதல் கேள்வியாகக் கேட்டிருப்பேன். அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா?

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. கரண்டி விழுந்தால் அசையவில்லை. பக்கத்தில் ஆள் வருவது காலடிச் சத்தத்தில் தெரியாததால்தான் திடுக்கிடுகிறாள். எப்போதும் அதே இடத்தில்தானே உட்காருகிறாள்? ஒரு பக்கம் சுவர், கண்ணுக்கு எதிரே கதவு. வருகிறவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாள். அவள் பார்க்காதபோது பின்னால் நின்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சத்தம் எழுப்பிப் பாருங்கள். காலடி தரையில் அதிரக் கூடாது, நிழலும் விழக் கூடாது. சந்தேகம் இருந்தால் காது டாக்டரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள். பேச்சு வருகிற வயது இது, தள்ளிப்போட முடியாது.

அவளை உம்மணாமூஞ்சி என்று கூப்பிடாதீர்கள். நீங்கள் அப்படிக் கூப்பிடுவதை அவள் இதுவரை கேட்டிருக்கவே மாட்டாள் என்று நினைக்கிறேன்.

டிக்கெட் இன்னும் கையில்தான் இருக்கிறது. நீங்கள் வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்.

கட்டெறும்பின் அம்மா


ஆகஸ்ட் 25

கட்டெறும்பின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் நம்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றுப்போனவள் பேச்சை மாற்றுகிறாள், எனக்கே காது குத்தப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளோடேயே காலம் தள்ளுகிறவள் நான், எனக்குத் தெரியாததா என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மடித்து வைத்தாலும் அது உள்ளே கிடந்து அரித்தது.

மறுநாள் அந்த ஜன்னலோரத்துப் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று தட்டைக் கீழே போட்டேன். உன் பிள்ளை அலறியது, தொட்டிலில் தூங்கினதெல்லாம் எழுந்துகொண்டது. அவள் நூல்கண்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கத்துக் காதருகே கையைத் தட்டினேன், ஒன்றுமில்லை. மற்ற காதருகே பலமாகத் தட்டினேன், மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுததைப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தன. பார்த்தால் என்ன.

அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போனோம். ஒரு காது சுத்தமாக இல்லை, இன்னொன்று மந்தம். கருவி மாட்டினால் நிறையக் கேட்கும், பேச்சும் பழக்கலாம் என்றார். ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்று அவர் கேட்டபோது அவள் அம்மா அந்த அறையே அதிரச் சொன்னாள், "நான் கூப்பிட்டா வருவாளே டாக்டர்! வீட்டுல நல்லாக் கேக்குமே!" மெஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து அவளுக்குக் கத்தித்தான் பேச வரும். அந்தக் குரல் பிள்ளைக்கு எட்டியிருக்கிறது. நான் காப்பகத்தில் தூங்குகிற குழந்தைகள் எழுந்துவிடக் கூடாதென்று கிசுகிசுக்கிறவள். எனக்கு அவள் உம்மணாமூஞ்சி. தொந்தரவு தராத பிள்ளை என்று நிம்மதியாக அந்த ஜன்னலோரம் விட்டுவைத்திருந்தேன். உன்மீது இருந்த ஆத்திரத்தில் கையை நீட்டினேன், அது அந்தப் பிள்ளைமேல் போய் நின்றது. ஆத்திரம் வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை காலம் அங்கேயே இருந்திருப்பாளோ.

போன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பேசினால் அவள் சாப்பிடாமல் இருந்தது உண்மை. அந்த இரண்டு நாளும் என்னை யாரோ மாதிரிப் பார்ப்பாள் என்பதும் உண்மை. எதற்காக நிறுத்தினேன் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன், முதல் காரணம் இரண்டாவதுக்குப் போர்த்திய போர்வை மாதிரித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசு. அழட்டும், நான் சமாளித்துக்கொள்கிறேன்.

செப்டம்பரில் வா. வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடாதே. கொஞ்ச நாள் இங்கேயே இரு. காப்பகத்துக்கு வந்து மூலையில் உட்காராமல் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார், மேலே ஏறி மிதிக்கட்டும். பிறகு டிசம்பரா, எப்போது என்று நாம் இரண்டு பேரும் பேசலாம். கூட்டிப்போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்ல வேண்டும்போல இருக்கிறது, அவ்வளவுதான். உன்மேல் எனக்குச் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை, உனக்கும் என்மேல் தீர்ந்திருக்காது. இருக்கட்டும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு சந்தேகப்படுவோம்.

வருகிறவளுக்கு ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். காஜாக்காரி மகளிடம் முகத்துக்கு எதிரே போய்ப் பேச வேண்டும் என்று எல்லாப் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து உன் கட்டெறும்பு அந்த ஜன்னலை விட்டு நகர்வதில்லை. எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துகிறது, இரண்டும் சேர்ந்து நூல்கண்டு அடுக்குகின்றன. அவள் செய்கிற மாதிரியே எல்லாம் செய்ய வேண்டுமாம். உன் பிள்ளை இப்போது இடது கையால்தான் சாப்பிடுகிறாள்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஆள் அனுப்பாதே. நீயே வந்து பார்.

அத்தைக்காரி